காசு கொடுத்துப் போடும் தடுப்பூசிகள்: திருகோணமலைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கிளினிக்கில் இலவசமாகப் போடும் ஊசிகள் போக, தனியார் வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கில் காசு கட்டிப் போடும் ஊசிகள் சில உண்டு. பிள்ளை பிறந்து ஒன்றரை மாதம் ஆவதற்குள் இந்தப் பேச்சு வீட்டுக்குள் வந்துவிடும். போடுவதா விடுவதா, போட்டால் எதை, எப்போது என்று உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என எல்லாப் பக்கத்திலும் இளம் தாய்தகப்பன்மார் கேட்கும் கேள்விகள் இவை. பதில் எழுதுவது டொக்டர் இல்லை, இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற ஒரு தாய். குறைமாதப் பிள்ளை, இருதயத்தில் ஓட்டை உள்ள பிள்ளை, தலசீமியா உள்ள பிள்ளை என்றால் இதை விட்டுவிட்டு உங்கள் பிள்ளை வைத்தியர் சொல்வதைக் கேளுங்கள்.

மிட்வைப் மிஸ் சொன்ன ஊசி எல்லாம் போட்டாயிற்று. அதற்கு மேலும் வேண்டுமா?

முதலில் போட்டது என்ன என்று ஒருமுறை பாருங்கள். இலவசமாகக் கிடைப்பதன் பெறுமதி நமக்குத் தெரிவதில்லை.

பிறந்தவுடன் ஆஸ்பத்திரியிலேயே காசநோய்க்கு பி.சி.ஜி. 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசி: தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நியூமோனியாவும் கொண்டுவரும் ஹிப் கிருமி. கூடவே வாயில் போலியோச் சொட்டு. 2, 4 மாதங்களில் போலியோ ஊசியும் உண்டு. 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் எம்.எம்.ஆர். ஒரு வயதில் யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு. பிறகு ஒன்றரை வயது, மூன்று வயது, ஐந்து வயது, கடைசியாகப் பள்ளிக்கூடத்தில் மிச்சம்.

இந்தத் திட்டம் இலங்கையில் 1978இல் தொடங்கியது. கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். இன்றைக்கு முப்பது வயதுக்குக் குறைந்த ஒருவரிடம் போலியோவால் கால் சூம்பிய பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் விழிப்பார்.

யப்பானிய மூளைக்காய்ச்சலை எடுங்கள். வயல்வெளி நுளம்பால் பரவுவது அது. 1980களில் அநுராதபுரம் பக்கம் பெரிதாகப் பரவியது. தம்பலகாமமும் கந்தளாயும் எப்படிப்பட்ட வயல் பூமி என்று சொல்லத் தேவையில்லை. நிலாவெளிக் கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர் சிலர் இதே நோய்க்குத் தங்கள் நாட்டில் பெருந்தொகை கொடுத்து ஊசி போட்டுக்கொண்டு வருகிறார்கள். நம் பிள்ளைக்கு அது ஒரு வயதில் சும்மா கிடைக்கிறது.

ஆகவே அட்டவணைப்படி எல்லாம் போட்டிருந்தால் பெரிய வேலை முடிந்தது. அதற்கு மேல் போடுவது நல்லதுதான். போட முடியாவிட்டால் பிள்ளைக்குத் துரோகம் செய்ததாக நினைத்து மனம் வருந்த வேண்டாம்.

காசுக்குப் போடும் ஊசிக்குக் காய்ச்சல் வராதாம். அப்படியென்றால் கிளினிக் ஊசி தரம் குறைந்ததா?

இல்லை. அது வேறு வகை, அவ்வளவுதான்.

கிளினிக்கின் ஐங்கூட்டு ஊசியில் குக்கலுக்கான பகுதி, கொல்லப்பட்ட முழுக் கிருமியிலிருந்து செய்தது. அதனால்தான் அன்றிரவு காய்ச்சல், சிணுங்கல், தொடையில் வீக்கம். தனியாரிடம் கிடைக்கும் ஆறுகூட்டு ஊசியில் கிருமியின் சில துண்டுகள் மட்டும் இருப்பதால் காய்ச்சல் குறைவு. போலியோவும் அதற்குள்ளேயே அடங்குவதால் ஒரு குத்து மிச்சம். ஆனால் குக்கலுக்கு எதிரான பாதுகாப்பு முழுக் கிருமி ஊசியில்தான் நீண்ட காலம் நிற்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நீங்கள் கூடுதலாகக் கட்டும் காசு ஒரு இரவு நித்திரைக்கே தவிர, கூடுதல் நோய் ஒன்றைத் தடுப்பதற்கு இல்லை.

என்னைக் கேட்டால் கை இறுக்கமாக இருக்கும்போது முதலில் வெட்ட வேண்டிய செலவு இதுதான். பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவு பரசிட்டமோல் எவ்வளவு என்று கிளினிக்கிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த அளவு உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது. குத்திய இடத்தில் நல்லெண்ணெய் தடவி உரஞ்சச் சொல்லும் பாட்டிமாரிடம் பணிவாக மறுத்துவிடுங்கள்.

ஐங்கூட்டை ஆறுகூட்டால் மாற்றினாலும் எம்.எம்.ஆர்., யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி எல்லாம் தனியாகப் போட்டே ஆக வேண்டும். “நாங்கள் பிரைவேட்டில் போட்டோம்” என்று கிளினிக் பக்கமே போகாமல் இருந்து 9 மாத ஊசியைத் தவறவிடும் வீடுகள் உண்டு.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது. எதைப் போடலாம்?

நியூமோகொக்கல் ஊசி. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நியூமோகொக்கஸ் என்ற கிருமி சிறு பிள்ளைகளுக்கு நியூமோனியா, மூளைக்காய்ச்சல், இரத்தத்தில் கிருமி ஏறுதல், காதில் சீழ் எல்லாம் கொண்டுவரும். இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை மோசமாகத் தாக்கும். அதனால் வரும் மூளைக்காய்ச்சலில் தப்பும் பிள்ளைகளிலும் சிலருக்குக் காது கேட்காமல் போகிறது. உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளும் இதை அட்டவணையில் சேர்க்கச் சொல்கிறது. நம் தேசிய அட்டவணையில் இது இல்லாததற்கு முக்கியக் காரணம் விலை. ஊசி தேவையில்லை என்று யாரும் தீர்மானித்ததால் அல்ல.

விலையைப் பற்றிக் கேட்கும்போது ஒரு ஊசியின் விலையைக் கேட்டுவிட்டு வராதீர்கள். எத்தனை ஊசி என்று கேளுங்கள். இரண்டு மாதத்தில் தொடங்கினால் மூன்றோ நான்கோ. ஒரு வயது கடந்து தொடங்கினால் பொதுவாக இரண்டு. இரண்டு வயதுக்குப் பிறகு சுகதேகியான பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்று. பிந்தினால் செலவு குறைகிறது. ஆனால் ஆபத்துக் கூடிய மாதங்கள் பாதுகாப்பில்லாமல் கழிந்துவிடும். முழுத் தொகையும் புரட்டக்கூடியவர்கள் இரண்டு மாதத்திலேயே தொடங்குங்கள். முடியாதவர்கள் ஒரு வயது வரை சேர்த்துவைத்து இரண்டு ஊசியாகப் போடுவது, ஒன்றும் போடாமல் விடுவதை விட எவ்வளவோ மேல்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கிருமியில் எத்தனை வகையை ஊசி தடுக்கும் என்பதை வைத்துக் கடையில் 10 வகை, 13 வகை, 23 வகை என்று சொல்வார்கள். 23 என்றதும் அதுதான் சிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 23 வகை ஊசி செய்யப்படும் முறை வேறு. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் உடம்பு அதற்குச் சரியாக எதிர்ப்புச் சக்தி உண்டாக்காது. கைக்குழந்தைக்கு உரியது மற்ற வகைதான்.

வீட்டுக்குள் யாராவது சிகரெட் பிடிப்பவராக இருந்தால், ஊசிக்கு முன் அதை வாசலுக்கு வெளியே அனுப்புங்கள். அதற்குக் காசு தேவையில்லை, மிச்சம்தான் வரும்.

ரோட்டா சொட்டு மருந்து எப்படி?

இதில் காசை விட நாள்தான் முக்கியம். முதல் தடவை ஆறு வாரத்திலிருந்து பதினைந்து வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான டொக்டர்மார் பின்பற்றும் கணக்கு. ஊசி இல்லை, வாயில் ஊற்றுவது. கம்பெனியைப் பொறுத்து இரண்டு தடவை அல்லது மூன்று தடவை. “சீட்டுக் காசு வரட்டும், பிறகு பார்ப்போம்” என்று விட்டால் வயது கடந்துவிடும்.

ரோட்டா வைரஸ் கொண்டுவருவது வாந்தியும் தண்ணீராகப் போகும் வயிற்றோட்டமும். சுத்தமான வீடு, அசுத்தமான வீடு என்று பார்க்காமல் ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தடவையாவது தொற்றிவிடும். பக்கத்தில் ஆஸ்பத்திரியும் கையில் ஜீவனிப் பைக்கற்றும் (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) இருக்கும் இடத்தில் இதனால் உயிர் போவது அரிது. ஆகவே நகரத்துக்குள் இருக்கும் குடும்பம் இந்தக் காசுக்கு வாங்குவது, வாட்டில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடக்கும் சில நாட்களைத் தவிர்ப்பதைத்தான். வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளிக்கு அப்பால் என்றால் கணக்கு மாறும். இரவு பதினொரு மணிக்கு வாந்தி தொடங்கினால் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்து முடிவெடுங்கள்.

மிக அரிதாக, இலட்சத்தில் சில பிள்ளைகளுக்கு, இந்த மருந்துக்குப் பிறகு குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளலாம். கால்களை மடக்கிக்கொண்டு விட்டுவிட்டு வீரிட்டு அழுதால், மலத்தில் இரத்தம் கண்டால், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். முன்பு அப்படி வந்த பிள்ளைக்கு இந்த மருந்து கொடுக்கக் கூடாது.

கனடாவில் இருக்கும் அக்கா, “இங்கே எல்லாப் பிள்ளைக்கும் போடுகிறார்கள், நீங்கள் ஏன் போடவில்லை?” என்று ஏசுகிறா. என்ன சொல்ல?

அங்கே அரசாங்கம் காசு கட்டுகிறது என்று சொல்லுங்கள். அக்கா ஒரு டொலரும் எடுத்துவைத்திருக்க மாட்டா. (உண்மையிலேயே கவலை என்றால் நியூமோகொக்கலுக்கு அனுப்பச் சொல்லலாம். பிறந்தநாளுக்கு அனுப்பும் உடுப்புப் பெட்டியை விடப் பிரயோசனம்.)

ஒவ்வொரு நாடும் தன் நிலத்தில் உள்ள நோயையும் தன் கஜானாவையும் பார்த்து அட்டவணை போடுகிறது. அக்காவின் பிள்ளைக்கு யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி அங்கே வழமையாகப் போடுவதில்லை, பி.சி.ஜி.யும் அப்படித்தான். பிரித்தானியா எவ்வளவோ ஆண்டுகள் கொப்புளிப்பான் ஊசியைத் தன் அட்டவணையில் சேர்க்காமலே இருந்தது. அங்கே பிள்ளைகள் கொப்புளம் போட்டுத்தான் வளர்ந்தார்கள்.

கொப்புளிப்பானுக்கு ஊசி போடலாமா? அம்மாளுக்கு எதிராகப் போவதாக மாமி சொல்கிறா.

அம்மாள் வந்திருக்கிறா என்று வேப்பிலை கட்டி, பிள்ளையைத் தனி அறையில் படுக்கவைத்து, மச்சம் மாமிசம் விலக்கி, தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரை வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது நல்ல பழக்கம். நோய் மற்றவருக்குப் பரவாமலும் அது பார்த்துக்கொள்கிறது. ஊசி போட்டவர் அம்மனைக் கும்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாமியோடு இதற்காகச் சண்டை வேண்டாம்.

சுகதேகியான பிள்ளைக்குக் கொப்புளிப்பான் பெரும்பாலும் பத்து நாள் தொல்லை. பெரியவர்களுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் அது பொல்லாத நோய். அதனால் என் கணக்கு இப்படி: கையில் காசு தாராளமாக இருந்தால் ஒரு வயதுக்குப் பிறகு போடுங்கள், மொத்தம் இரண்டு ஊசி. காசு இறுக்கம் என்றால் இப்போது விடலாம். பத்துப் பன்னிரண்டு வயதாகியும் பிள்ளைக்கு வராமலே இருந்தால் அப்போது யோசிக்கலாம். வீட்டில் மூத்ததுக்குக் கொப்புளம் கண்டவுடன் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் இளையதுக்கு ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ குறைக்கவோ முடியும் என்பதும் பலருக்குத் தெரியாது.

நாள் பார்க்க வேண்டிய இடம் ஒன்றும் இதில் இருக்கிறது. கொப்புளிப்பான், எம்.எம்.ஆர்., ஒரு வயதில் போடும் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, மூன்றும் உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தவை. இப்படிப்பட்ட இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போடலாம். இல்லாவிட்டால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும். பிரைவேட்டில் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

கொப்புளிப்பான் காய்ச்சலுக்கு டிஸ்பிரின் (அஸ்பிரின்) கொடுக்கவே கூடாது.

மற்ற ஊசிகள்?

செங்கண்மாரிக்கான ஹெபடைட்டிஸ் ஏ: இரண்டு ஊசி. சின்னப் பிள்ளைக்கு நோய் வந்தாலும் பெரும்பாலும் தெரியாமலே போய்விடும், வளர்ந்தவர்களுக்குத்தான் படுக்கை. அவசரம் இல்லை. தைபொயிட்டு: கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது மலிவான வழி. இன்புளுவென்சா: ஆண்டுதோறும் போட வேண்டியது, செலவு முடியாது, இழுப்பு உள்ள பிள்ளைக்கு மட்டும் டொக்டரிடம் கேளுங்கள். மெனிஞ்சோகொக்கல் (வேறொரு கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலுக்கு): பிள்ளையை உம்ராவுக்குக் கூட்டிப்போகிற கிண்ணியா, மூதூர்க் குடும்பங்களுக்கு அது பயண விதி, மற்றவர்களுக்குப் பட்டியலின் கடைசி.

டொக்டர் கமிஷனுக்காகச் சொல்கிறாரோ?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவருடைய மனதைத் துருவிப் பார்க்க நம்மால் முடியாது. மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த நோய்க்கு? கிளினிக் ஊசியில் அது அடங்கவில்லையா? இதை ஆறு மாதம் பிந்திப் போட்டால் என்ன ஆகும்? பதில் சொல்லப் பொறுமை இருக்கிறவரிடம் போடுங்கள். “இன்றைக்கே போடாவிட்டால் பிறகு என்னைக் குறை சொல்லாதே” என்கிறவரிடம், “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று எழும்பி வந்துவிடலாம்.

நகையை அடகு வைத்துப் போடலாமா?

அவசரத்துக்கு வைத்திருக்கும் சங்கிலியைக் கொப்புளிப்பான் ஊசிக்காக அடகு வைக்க வேண்டாம். கடற்றொழிலிலும் கூலி வேலையிலும் இருக்கும் குடும்பம் வட்டிக்கு எடுத்து ஊசி போட்டுவிட்டு, பிறகு பிள்ளையின் முட்டையையும் மீனையும் குறைத்தால் அந்த ஊசியால் என்ன பயன்?

ஆனால் சேர்க்க வழி உண்டு. முப்பத்தொன்றுக்கும் முதலாவது பிறந்தநாளுக்கும் நாம் செலவழிக்கும் தொகையைப் பாருங்கள்: மண்டபம், கேக், பலூன் வளைவு, வீடியோக்காரர். பிறந்தநாளை வீட்டிலேயே பாயாசத்தோடு கொண்டாடினால் ஒரு வயதில் போடும் இரண்டு நியூமோகொக்கல் ஊசிக்கும் அதிலேயே காசு தேறும். சொந்தக்காரர் ஒரு கிழமை கதைப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

செலவு பார்க்கும்போது சனலிங் கட்டணம், பஸ் காசு, லீவு போட்ட நாள் கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள்.

கொழும்பில் மலிவாம். வாங்கிக்கொண்டு வந்து இங்கே போடலாமா?

வேண்டாம். தடுப்பூசி 2 பாகை செல்சியஸுக்கும் 8 பாகை செல்சியஸுக்கும் இடையில் இருக்க வேண்டும். 260 கிலோமீட்டர் பஸ்ஸில், சித்திரை வெயிலில், ஐஸ் கட்டியோடு பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த மருந்து வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. சூடு மட்டும் இல்லை, பல ஊசிகள் உறைந்தாலும் கெட்டுவிடும். நியூமோகொக்கலும் ஐங்கூட்டும் ஐஸில் ஒட்டி உறைந்தால் வீணே. பார்வைக்கு வித்தியாசமும் தெரியாது. அங்கேயே போட்டுக்கொண்டு வாருங்கள், அல்லது இங்கே ஊசியைத் தங்கள் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கும் இடத்தில் போடுங்கள். கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேட்கலாம்.

கிளினிக் ஊசிக் குப்பிகள் பலவற்றில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும்: ஊதா வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டு வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைப் போட மாட்டார்கள். காட்டச் சொன்னால் மிஸ் காட்டுவா.

ஊசியால் ஓட்டிசம் வரும் என்று வட்ஸ்அப்பில் வந்தது.

1998இல் இங்கிலாந்தில் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய கதை அது. கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் அதை மீளப்பெற்றது. எழுதிய டொக்டரின் பதிவும் அதே ஆண்டு பறிபோனது. அதன் பிறகு இலட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்துப் பார்த்ததில் தொடர்பு எதுவும் காணப்படவில்லை.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. 2008இல் ஐங்கூட்டு ஊசி வந்த சில மாதங்களிலேயே, போட்ட பிறகு சில குழந்தைகள் இறந்ததாகத் தகவல் வந்ததும் அரசாங்கம் அதை நிறுத்தியது. நிபுணர்கள் ஆராய்ந்து, இறப்புக்கு ஊசி காரணம் என்று காட்ட எதுவும் இல்லை என்ற பிறகுதான் 2010இல் மறுபடி தொடங்கினார்கள். எனக்கு இதில் பயத்தை விட நம்பிக்கைதான் வருகிறது. ஊசி போட்டதும் இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போகச் சொல்வது, ஒவ்வாமை ஏதும் வந்தால் உடனே பார்ப்பதற்காக. பஸ் வந்துவிட்டது என்று ஓடாதீர்கள்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஊசி போடப் படிவம் தந்திருக்கிறார்கள். கையெழுத்து வைக்கலாமா?

ஆறாம் வகுப்பு என்றால் அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. ஊசி. 2017 முதல் இலவசம், ஆறு மாத இடைவெளியில் இரண்டு. வெளியே காசு கட்டினால் கனக்கச் செலவாகும். வையுங்கள். பிள்ளை பிறக்காமல் போகும் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை.

9 மாத ஊசி தவறி இப்போது ஒன்றரை வயது. முதலில் இருந்து தொடங்க வேண்டுமா?

தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், போட்டவை வீண் போகாது. நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக 2019இல் சான்றிதழ் வாங்கியது. 2023இல் அது திரும்பி வந்தது, ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைகளும் தப்பவில்லை. பிந்தி வந்ததற்கு மிஸ் ஏசுவாவோ என்று பயந்து இன்னும் பிந்த வேண்டாம். ஏசினால் ஏசட்டும்.

பிரைவேட்டில் போட்டதைப் பிள்ளையின் புத்தகத்தில் எழுத வேண்டுமா?

கட்டாயம். ஊசியின் பெயர், குப்பியின் தொகுதி இலக்கம், திகதி மூன்றையும் அங்கேயே எழுதி வாங்குங்கள்; தனித் துண்டில் தந்தால் புத்தகத்தில் ஒட்டுங்கள். பள்ளிக்கூடச் சேர்ப்புக்கும், நாளைக்கு வெளிநாடு போனாலும் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக் கணவன் மனைவி இருவரிடமும் வைத்திருங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம். கிளினிக்கில் போட்டவை அவர்களுடைய பதிவில் இருக்கும். பிரைவேட்டில் போட்டவை இருக்காது.